என்ஜினை மாற்றச் சொன்னார்கள், ஆறு டேப்பெட் மாற்றினேன்

பெகு ரோட்டில் முன்னால் போகிற லாரியை முந்துவதற்கு எனக்கு எப்போதும் மனைவியின் கண் வேண்டும். பர்மாவில் 1970-ல் போக்குவரத்தை வலப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் நம்மில் பலர் ஓட்டுவது ஜப்பானிலிருந்து வந்த, ஸ்டீயரிங்கும் வலப் பக்கமே இருக்கிற வண்டி. லாரிக்குப் பின்னால் நிற்கும்போது எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எட்டிப் பார்த்து "போங்க" என்று சொன்னால்தான் போகலாம். அவர் "போங்க" என்று சொல்லி, நான் ஆக்சிலேட்டரை மிதித்து, வண்டி யோசித்துக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? போன வருஷம் அப்படித்தான் ஒரு நாள் பாதி தூரம் ஏறி, மறுபடி பின்வாங்கினோம். அதற்கப்புறம் வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வண்டி 2007 மாடல் டொயோட்டா பிராபாக்ஸ், 1500 சிசி, 1என்இசட்-எஃப்இ என்ஜின். ரங்கூனில் எந்தத் தெருவில் நின்று கல் எறிந்தாலும் ஒரு பிராபாக்ஸ் மேல் விழும். சாமான் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும் என்றுதான் வாங்கினேன். குறைகள் மூன்று. நின்றுகொண்டிருக்கும்போது ஏசி போட்டால் உடம்பு முழுக்க நடுங்கும். ஏற்றத்தில் இழுக்காது. லிட்டருக்கு 9 கிலோமீட்டர்கூடச் சரியாகத் தராது.

இரண்டு பட்டறையில் காட்டினேன். ஒன்றில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்றில் இருந்த ஸயா (பெரிய மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) காதை வைத்துக் கேட்டுவிட்டு, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அடைத்து வைக்கும் பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்வதைவிட ஜப்பானிலிருந்து வந்த பழைய என்ஜின் ஒன்றை மாட்டிவிடுவது லாபம் என்றார். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன், இங்கே நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் எதையும் அளக்கவில்லை. அது எனக்கு உறுத்தியது.

ரங்கூனிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் சிரியத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். சொந்தக்காரர் இல்லை, எல்லாருக்கும் மாமா. ஒரு காலத்தில் ரங்கூனில் நீல நிறத்தில் ஓடிய குட்டி மாஸ்டா டாக்சிகளில் தொழில் பழகியவர். இப்போது கண் சரியில்லை என்று பஞ்சர் கடையோடு நிறுத்திக்கொண்டார். அவரிடம் போய் என்ஜின் மாற்றப் போகிறேன் என்றேன். "தம்பி, காய்ச்சல் இருக்கான்னு பாக்காம ஆளையே மாத்துவியா?" என்றார். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் அவரிடமே இருந்தது.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் பாதி செய்து தப்பான எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிவிடும். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முள் ஏறி நிற்கும்வரை சுற்றினால் போதும். பேட்டரி நல்ல நிலையில் இருப்பதும் முக்கியம். மெதுவாகச் சுற்றினால் எல்லாமே குறைவாகக் காட்டும்.

எனக்கு வந்தது இது: முதல் சிலிண்டர் 184, இரண்டாவது 181, மூன்றாவது 187, நான்காவது 118. எல்லாம் பிஎஸ்ஐ கணக்கில். இந்த என்ஜினுக்குப் புதிதில் 213 இருக்க வேண்டும், 156-க்குக் கீழே போகக்கூடாது, சிலிண்டருக்கு சிலிண்டர் 14-க்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது கணக்கு. ஆக மூன்று சிலிண்டர்கள் வயதான ஆனால் ஆரோக்கியமான ஆட்கள். நான்காவதுதான் நோயாளி.

அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறும். ஏறியது வெறும் 4. "ரிங் இல்லை தம்பி, வால்வு" என்றார் மாமா.

உறுதி செய்ய காற்று அடித்துப் பார்க்க வேண்டும். மாமாவின் பஞ்சர் கடைக் கம்ப்ரஸருக்குக் கரண்ட் வேண்டும். அந்த வாரம் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்தது நள்ளிரவு ஒரு மணிக்கு. அதனால் நள்ளிரவு ஒரு மணிக்கே வேலை. கம்ப்ரஷன் கேஜின் ஹோஸ் நுனியில் டயரில் இருப்பதைப் போன்ற சின்ன வால்வு ஊசி ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் அதே ஹோஸ் வழியாகக் காற்றை உள்ளே அனுப்பலாம். நான்காவது பிஸ்டனை இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் மேல் நிலைக்குக் கொண்டுவந்து காற்றைத் திறந்தோம். என்ஜினைக் கையால் சுற்ற கிராங்க் போல்ட்டில் மாட்டிய 19 எம்எம் சாக்கெட் கைப்பிடியை அப்போது யாரும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. காற்று பிஸ்டனைத் தள்ளினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை அடிக்கும்.

அப்புறம் காது வேலை. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். காற்று வடிகட்டி பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எங்களுக்கு சைலன்சர் குழாயில் புஸ்ஸென்று வந்தது. அந்த இரவு அமைதியில், தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து பார்த்தது. எக்ஸாஸ்ட் வால்வு.

ஏன் என்பதற்கான பதில் வண்டியின் பின்பக்கமே இருந்தது. சாமான் வைக்கும் தரையில் ரப்பர் அடைத்த நான்கு ஓட்டைகள். வாங்கும்போது பார்த்தேன், ஏதோ பலகை வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். மாமா ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் சிலிண்டர் உக்காந்த இடம்" என்றார். அதாவது என் வண்டி சிஎன்ஜி போட்டு ஓடிய டாக்சி. விற்றவர் ஒரு குடும்பம் ஓட்டிய வண்டி என்று சொல்லியிருந்தார். சரி, டாக்சி ஓட்டியதும் ஒரு குடும்பம்தானே.

சிஎன்ஜியை நான் குறை சொல்லவில்லை. ரங்கூன் டாக்சிக்காரர்கள் பல வருஷம் அதில்தான் பிழைத்தார்கள். ஆனால் அது உலர்ந்த எரிபொருள். பெட்ரோல் அளவுக்கு வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே குளிர்ச்சியோ மெல்லிய படலமோ கிடைக்காது. எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொரு அடியிலும் சீட்டைத் துளித்துளியாகத் தேய்த்து உள்ளே அமிழும். அமிழ அமிழ, வால்வின் தண்டு எதிர்ப்பக்கம், வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை நோக்கி நீளும். நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி குறையும். இந்த என்ஜினில் அதைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் கிடையாது; கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே உட்காரும் கிண்ணம் போன்ற கெட்டி டேப்பெட்தான். கடைசியில் இடைவெளியே இல்லாமல் போய், கேம் எப்போதும் வால்வை லேசாகத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். சூடான வாயு அந்தக் கீறல் வழியாகச் சீறிச் சீறி, இன்னும் கொஞ்ச நாளில் வால்வின் விளிம்பையே எரித்துவிடும்.

இதில் பொல்லாத விஷயம், இது சத்தம் போடாது. இடைவெளி கூடினால் டிக் டிக் என்று கேட்கும், ஊரே சொல்லும். குறைந்தால் என்ஜின் முன்னைவிட அமைதியாகிவிடும். அந்த ஸயா காதை வைத்துக் கேட்டும் டேப்பெட்டைச் சந்தேகிக்காதது அதனால்தான்.

வால்வு கவரைத் திறந்தேன். அளப்பது என்ஜின் ஆறிய பிறகு, ராத்திரி விட்டுக் காலையில். இன்டேக்குக்கு 0.15-இலிருந்து 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.25-இலிருந்து 0.35. முதல் சிலிண்டர் மேல் நிலையில் இருக்கும்போது 1, 2 இன்டேக்கும் 1, 3 எக்ஸாஸ்ட்டும் அளக்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் மிச்சம். எட்டு இன்டேக்கும் கணக்குக்குள் இருந்தன. இரண்டாவது சிலிண்டரில் ஒன்று மட்டும் 0.16, விளிம்பில். எக்ஸாஸ்ட் பக்கம் மூன்றாவது சிலிண்டரைத் தவிர எல்லாமே இறுக்கம். முதலாவதில் 0.20, 0.22. இரண்டாவதில் 0.24, 0.18. நான்காவதில் ஒன்று 0.11. அதன் ஜோடியில் என்னிடம் இருந்த மிக மெல்லிய 0.05 தகடுகூட நுழையவில்லை.

திருகிச் சரிசெய்ய இதில் ஸ்க்ரூ கிடையாது. டேப்பெட்டையே வேறு கனத்தில் மாற்ற வேண்டும். 5.06-இலிருந்து 5.74 மில்லிமீட்டர் வரை 0.02 வித்தியாசத்தில் 35 அளவுகள். உள்பக்கம் இரண்டு இலக்க எண் பொறித்திருக்கும். 46 என்றால் 5.46. புதிதாக ஆறு வாங்க விலை கேட்டபோது அந்த யோசனையைக் கைவிட்டேன். டவுனில் பழைய என்ஜின் பிரிக்கிற கடைக்காரர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய டேப்பெட் வைத்திருந்தார், மொச்சைக்கொட்டை மாதிரி. மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பொறுக்கினேன். அவர் எனக்கு இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். எண்ணை நம்பாமல் ஒவ்வொன்றையும் அளந்தது நல்லதாகப் போயிற்று. மேல் பக்கம் குழிந்தவையும் கீறல் விழுந்தவையும் நிறைய இருந்தன.

கணக்கு எளிது. இருக்கிற டேப்பெட்டின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய 0.30-ஐக் கழிக்க வேண்டும். 5.44 கனமும் 0.20 இடைவெளியும் என்றால் 5.34. தகடு நுழையாத அந்த ஒன்றில் இருந்தது 5.50. இடைவெளி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் 5.20 வேண்டும். கூடையில் 5.20 இல்லை, 5.24 இருந்தது. அதைப் போட்டால் 0.26 வரும், கணக்குக்குள்தானே என்று எடுத்துவந்தேன்.

கேம் ஷாஃப்ட் கழற்றுவதற்கு முன் செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் வெள்ளை பெயின்ட்டால் குறி வைத்தேன். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பூட்டி, செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் பானெட்டில் கட்டினேன். விழுந்தால் முன்பக்க மூடி முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். கேம் மூடிகளை நடுவிலிருந்து அல்ல, இரண்டு ஓரத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட் வளையும். கழற்றிய டேப்பெட்களை இட்லித் தட்டில் வரிசையாக வைத்தேன். குழிக்கு ஒன்றாக இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எந்தப் பட்டறையிலும் கிடையாது. வீட்டில் அதற்குப் பதில் புதுத் தட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆறையும் மாற்றி, கேம் மாட்டி, டார்க் ரெஞ்சில் இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி அளந்தேன். ஐந்து சரி. அந்த ஒன்று மட்டும் 0.23.

முற்றத்தில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தகடு நுழையவில்லை என்றால் இடைவெளி பூஜ்யம் என்று நானாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது பூஜ்யத்துக்கும் கீழே, 0.03 அளவுக்கு வால்வைத் திறந்தே வைத்திருந்திருக்கிறது. நுழையாத இடத்தில் அளவு தெரியாது என்பதுதான் சரியான பதில். அங்கே எப்போதும் ஒரு படி மெல்லியதாகவே எடுக்க வேண்டும். 0.23-ஐ அப்படியே விட்டிருக்கலாம், வண்டி ஓடும். ஆனால் எந்தப் பக்கம் தேயும் என்று தெரிந்த பிறகு மனசு வரவில்லை. மறுநாள் திரும்ப கூடைக் கடை, 5.18 ஒன்று, திரும்ப குறி, கம்பி, கேம். இப்போது 0.29.

வால்வு கவரை மூடும்போது பிசிவி வால்வையும் மாற்றினேன். பழையதைக் குலுக்கினால் கடகடவென்று ஆட வேண்டும்; கல் மாதிரி இருந்தது. என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, கேஸ்கெட் வழியாக ஆயில் பிளக் குழிக்குள் கசிந்துகொண்டிருந்தது. முதல் பட்டறையில் காயில் மாற்றியபோது இதைப் பார்த்திருக்க வேண்டும். த்ராட்டில் வாயில் படிந்திருந்த கரியைத் துடைத்தேன், காற்று வடிகட்டி மாற்றினேன். இவற்றில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

கம்ப்ரஷன் மறுபடி: நான்காவது 176. நடுக்கம் போய்விட்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எரிபொருள் கணக்கு எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, 10.5-இல் நின்றது. இந்த வண்டியில் வெப்பம் காட்டும் முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான். என் நீல விளக்கு அணைய ரொம்ப நேரம் ஆகும். ஒரு மழை ராத்திரி மண்டலே எக்ஸ்பிரஸ் ரோட்டில் 115-ஆவது மைல் ஓட்டல்களைத் தாண்டிப் போகும்போது, ஓட்டத்திலேயே அது மறுபடி எரிந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை. என்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவியைப் போனோடு இணைத்துப் பார்த்தேன். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்பதால் முதலில் பேச மறுத்தது, அமைப்புகளைக் கொஞ்சம் மாற்றியதும் ஒத்துக்கொண்டது. ரோட்டில் ஓடும்போது 66-இலிருந்து 70 டிகிரி. 80-க்கு மேல் இருக்க வேண்டிய என்ஜின்.

என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் ரப்பர் வளையம். யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெயில் ஊரில் அது எதற்கு என்று இங்கே பலரும் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. என்ஜின் எப்போதும் குளிர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து அதிகமாகப் பெட்ரோல் ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் களியாகும். சிலிண்டர் சுவர் வேகமாகத் தேய்வதும் குளிர்ந்த நிலையில்தான். பாலத்து நெரிசலில் இன்னொரு கூத்து: ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றும் தண்ணீரைத் தடுக்க ஆள் இல்லாததால், நிற்கும்போது வேண்டிய அளவு ஆறாமலும் போகலாம்.

82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்கி, வீட்டுச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அது திறப்பதைப் பார்த்தபிறகுதான் மாட்டினேன். ரேடியேட்டரில் இருந்தது குழாய்த் தண்ணீர், நிறம் லப்பேயே டீ மாதிரி. நான்கு தடவை அலசி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் கெட்டுப்போயிருந்தது. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மூடிதான் இந்த வேலையிலேயே மலிவான சாமான். இப்போது ஓட்டத்தில் 84-இலிருந்து 88, நிற்கும்போது 95 தொட்டதும் மின்விசிறி ஓடி இறக்கிவிடுகிறது.

ஆயில் விஷயத்தில் மாமாவோடு ஒரு சண்டை. 5W-30, வடிகட்டியோடு 3.7 லிட்டர், அதில் தகராறு இல்லை. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்பதில்தான். அவர் 3000 என்றார், நான் டப்பாவைப் பார்த்து 10,000 என்றேன். ஒரு மாதம் என்ஜின் ஓடிய நேரத்தைக் குறித்துவைத்தேன்: 910 கிலோமீட்டர், 70 மணி நேரம். மணிக்கு 13 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ் ரோட்டில் 80-இல் போகிறவர் 5000 கிலோமீட்டருக்கு என்ஜினை 63 மணி நேரம்தான் ஓட்டுகிறார். நான் அதே 5000-க்கு 385 மணி நேரம். மீட்டர் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். மாமா ஜெயித்தார் என்று சொல்ல மனமில்லாமல் 4000-இல் சமாதானம் ஆனோம்.

அப்புறம் 95 ஆக்டேன் பெட்ரோல். அதை ஊற்றினால் பிக்கப் வரும் என்று பங்க்கில் வரிசையில் நிற்கும்போது எல்லாரும் சொல்வார்கள். இந்த என்ஜினின் அழுத்த விகிதம் 10.5. ஜப்பானின் சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்தது, அது 90 சுற்றித்தான் இருக்கும். 92 தாராளமாகப் போதும். இரண்டு டாங்க் 95 ஊற்றி அளந்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. டாங்கில் ஊற்றும் சின்ன பாட்டில்களைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

கலந்து ஓட்டினால் இப்போது லிட்டருக்கு 12.8. நான்காவது சிலிண்டரின் வால்வு சீட் ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததுதான், டேப்பெட் மாற்றியதால் அது வளராது. பெட்ரோலில் மட்டும் ஓடுவதால் இனி மெதுவாகத் தேயும் என்று நம்புகிறேன். 20,000 கிலோமீட்டரில் கவரைத் திறந்து அந்த இரண்டையும், 0.16-இல் நின்ற இன்டேக்கையும் மறுபடி அளக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மிச்சமான 5.24 ஒரு தைல டப்பாவில் இருக்கிறது.

போன ஞாயிறு பெகு போனோம். கரும்பு ஏற்றிய லாரி ஒன்று. மனைவி எட்டிப் பார்த்து, "போங்க" என்றார். போனேன். வலப்பக்கம் வந்து சேர்ந்த பிறகு அவர், "என்னங்க, ஏசியைப் போடுங்க" என்றார்.